அழுத்தாமல் எழுதும் பேனா

பேனாப் பெட்டியைத் திறந்தபோது வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். அக்கா இல்லை. அவள் கல்யாணமாகி அத்திப்பட்டுக்குப் போய் நான்கு வருஷமாகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், மாமியாருக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அவள் இருந்திருந்தால் முதல் கேள்வியே விலையாக இருந்திருக்கும், என் முகத்தைப் பார்த்தே பதிலையும் கண்டுபிடித்திருப்பாள். அவள் வராத நாளாகப் பார்த்துத்தான் பெட்டியை வெளியே எடுத்தேனோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கறுப்புப் பெட்டி, உள்ளே வெல்வெட் துணி. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மோதரமாடா?"

"பேனாம்மா."

"பேனாவுக்கு எதுக்குடா மெத்த?"

அப்பா அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். உடைகிற சரக்கு என்று தெரிந்தால் அவர் கை தானாகப் பின்னால் போய்விடும்.

"இன்னா வெல?"

"முந்நூத்தம்பது ரூபா, நைனா."

பொய். உண்மையான விலை இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஆனால் நான் சொன்ன பொய்யே அவர்களுக்கு அதிகமாகப் போய்விட்டது. "முந்நூத்தம்பதா!" என்று அம்மா வாயில் கை வைத்தாள். "ஏன்டா, மூணு ரூபா பேனாவுல எய்தினா எய்த்து ஓடிப் பூடுமா?"

பெட்டியை மூடினேன். தெரியாமல் வாங்கினேன் என்றும் சொல்ல முடியாது. இரண்டு மாதம் யோசித்து வாங்கியது.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு ரசீது எழுதும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி கல்லூரிக்குப் போனவன் நான்தான். அதனால் வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். வேலையிலும் வீட்டிலும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனாலும் எழுதும் பொருளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒருநாள் அலுவலகத்தில் மேனேஜர், "இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்று தன் பேனாவை நீட்டினார். போட்டேன். பேனா காகிதத்தைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கோடு தானாக வந்து விழுந்தது. என் கையெழுத்தை வேறு யாரோ நிதானமானவன் போட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அன்றிலிருந்து பேனாப் பைத்தியம் பிடித்தது எனக்கு. ரோலர்பால் பேனா என்று அதற்குப் பெயர், உள்ளே தண்ணீர் போன்ற மை, முனையில் ஒரு சின்னக் குண்டு என்றெல்லாம் பேருந்தில் போகும்போது ஃபோனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டேன். ஒருவர், கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும் என்றார். அடுத்தவர், உள்ளே இருக்கிற ரீஃபிலை எடுத்து ஐம்பது ரூபாய்ப் பேனாவுக்குள் போட்டு எழுதிக் காட்டி, இரண்டும் ஒன்றுதான் என்று சிரித்தார். மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டு பேனாவை விரலில் நிறுத்தி எடையைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார். மூன்று பேர் பேச்சும் எனக்குச் சரியாகப் பட்டது. அதுதான் பிரச்சினை.

ராயபுரத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடை. கடைக்காரர் தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் கடையில் மூன்று ரூபாய்ப் பேனாக்கள் கட்டுக் கட்டாகப் போகும். விலை கூடிய பேனா நாலைந்துதான், அவை கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும். மூன்று சனிக்கிழமை போய் எழுதிப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தேன். மூன்றாவது தடவை அவரே கேட்டார்.

"தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி வாரிய, போறிய. என்னதான் முடிவு?"

"இந்த விலைக்கு இது தகுமா அண்ணாச்சி?"

"விக்கிறவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ரீஃபில் மட்டும் முந்நூத்தித் தொண்ணூறு ரூவா. மடமடன்னு தீந்துரும். அதயும் கணக்குல வச்சுக்கிடுங்க. பொறவு எங்கிட்ட வந்து சங்கடப்படப்புடாது."

விற்கிறவரே வேண்டாம் என்பதுபோல் பேசியதும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பணத்தோடு போய் வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை சட்டைப் பையில் பேனாவோடு யார்டுக்குப் போனேன். உள்ளே கணினி இருக்கிறது, ஆனாலும் லாரி வெளியே போக கேட் பாஸ் புத்தகம்தான். நடுவில் கார்பன் வைத்து மூன்று தாள். வெள்ளை டிரைவருக்கு, ரோஸ் கேட்டுக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே தங்கும். முதல் பாஸை எழுதினேன். அச்சடித்ததுபோல் வந்தது. இரண்டு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். டிரைவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தோஸ்து, இன்னா வெறும் தாள குடுத்துகினு கீற? கேட்ல என்ன திருடன்றான்பா."

ரோஸ் தாளில் ஒன்றுமே இல்லை. புத்தகத்தைப் புரட்டினால் மஞ்சளிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுத்த வேண்டாம் என்பதுதான் இந்தப் பேனாவின் பெருமை. அழுத்தாவிட்டால் கார்பனில் ஒன்றும் இறங்காது. மூன்று வீடியோவிலும் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்களில் யாரும் கேட் பாஸ் எழுதியிருக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "அழுத்தி எழுதுய்யா" என்றார். அழுத்தினேன். மை குளமாகத் தேங்கி, என் உள்ளங்கை பட்டு இழுத்துக்கொண்டு போனது. பத்து நிமிஷத்தில் பழைய மூன்று ரூபாய்ப் பேனாவை எடுத்துக்கொண்டேன். கறுப்புப் பெட்டி வீட்டு பீரோவுக்குள் அம்மாவின் புடவைக்கடியில் போய்விட்டது.

அதை மறுபடி வெளியே எடுத்தது அப்பாவுக்காக. அங்கேதான் நான் செய்தது சரியா தப்பா என்ற குழப்பம் தொடங்குகிறது.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கையெழுத்துப் போடத் தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது கற்றுக்கொடுத்தது. அதற்கு முன்னால் கூலி நாளில் துறைமுகத்தில் இரண்டு வரிசை நிற்குமாம். "கைநாட்டெல்லாம் அந்தாண்ட போ" என்று மேஸ்திரி கத்துவாராம். ஒருநாள் அப்பா சிமெண்ட் மூட்டைக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து என்முன் விரித்து, "என் பேர எய்துடா" என்றார். ஒரு இனிஷியல், ஒரு புள்ளி, மூன்று எழுத்து. மூட்டை தூக்கும் கொக்கியைப் பிடிக்கிற மாதிரியே பேனாவைப் பிடிப்பார். அவர் அழுத்துகிற அழுத்தில் அடியில் இருக்கும் மூன்று தாளிலும் பெயர் பள்ளமாக விழும். இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. அடுத்த கூலி நாளில் மற்ற வரிசையில் போய் நின்றார். அதிலிருந்து எங்கேயும் அவர் கட்டைவிரலில் மை பட்டதில்லை. யாராவது ஸ்டாம்ப் பேடை நகர்த்தினால்கூட, "எனுக்கு எய்தத் தெரியும்" என்று சட்டென்று சொல்லிவிடுவார்.

அவருடைய வங்கிக் கிளையை மூடி ராயபுரம் கிளையோடு சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் வந்து புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாள் வந்தது. ஒரு அட்டை, அதில் மூன்று கட்டம். இனி எப்போது பணம் எடுத்தாலும் அந்த அட்டையோடுதான் ஒப்பிடுவார்கள். அதைப் படித்துச் சொன்னபோது எனக்கு அந்தப் பேனா நினைவுக்கு வந்தது. காலத்துக்கும் இருக்கப்போகிற கையெழுத்து. பெரிய காரியத்துக்குப் பெரிய பேனா. இவ்வளவுதான் என் யோசனை. வேறு எந்த வீட்டிலும் யாரும் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். கையெழுத்து என்பது எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய காரியம்.

"வய்க்குதுடா" என்றார் அப்பா, முதல் தடவை பிடித்ததுமே. "எண்ண கொட்டின பலகை மேல மூட்டையோட நடக்கற மாதிரிகீது."

"அழுத்தாத நைனா. சும்மா வெச்சா போதும், அதுவே எய்தும்."

"அதுவே எய்திக்கும்னா நான் எதுக்கு?"

அம்மா அடுப்படியிலிருந்து, "கூட தொணைக்கு" என்றாள்.

பத்து நாள் பழகினார். முதலில் காகிதம் கிழிந்தது, பிறகு எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ அவர் விரல்கள் தளர்ந்தன. கடைசி எழுத்தின் வால் அதுவரை இல்லாத விதமாக வளைந்து மேலே போனது. நான் கற்றுக்கொடுத்ததில் அந்த வளைவு இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

வங்கியில் மூன்று கட்டத்திலும் போட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த வங்கி அம்மா, "சார், கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடி வரை அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. பேனா தகும் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தோன்றியது. அந்த உறுதி ஒரு மாதம் இருந்தது.

அப்பா ஏ.டி.எம். கார்டு வைத்துக்கொள்வதில்லை. கேஸ் சிலிண்டருக்கு ஆயிரம் ரூபாய் எடுக்க வழக்கம்போல் தனியாக வங்கிக்குப் போயிருக்கிறார், சட்டைப் பையில் வழக்கமான மூன்று ரூபாய்ப் பேனாவோடு. மதியம் ஒன்றரை மணிக்கு யார்டில் எனக்கு ஃபோன் வந்தது.

"டேய், என்ன நான் இல்லன்றாங்கடா."

"இன்னா நைனா சொல்ற?"

"கையெய்த்து என்னுது இல்லியாம். மூணு தபா போட்டுட்டேன். வேற எவனோன்றாங்க."

அந்த வங்கி அம்மாவே ஃபோனை வாங்கிப் பேசினார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கார்டுல இருக்கிறது வேற மாதிரி இருக்கு, இவர் போடுறது வேற மாதிரி இருக்கு. வயசானவர், அலைய வேண்டாம். கைநாட்டுக் கணக்கா மாத்திக் குடுத்துடறேன். இனிமே இந்தத் தொந்தரவே இருக்காது."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அட்டையில் இருப்பது அந்தப் பேனாவின் கையெழுத்து. இப்போது போட்டது அப்பாவின் பழைய கை. இரண்டும் அவருடையதுதான், ஆனால் வங்கிக்கு ஒன்றைத்தான் தெரியும், அந்த ஒன்றைத் தெரிய வைத்தது நான்.

"மேடம், கைநாட்டு மட்டும் வேணாம். அவர் கையெழுத்துப் போடுவார். நான் அவர் பேனாவ எடுத்துக்கிட்டு வரேன்."

அவர் பேனா என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

சூப்பர்வைசரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லி, பேருந்தில் வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி ஆகப்போகும் நேரம். நான்கு மணிக்கு கவுண்டர் மூடிவிடும். அப்பா சுவரோரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மூடி வைத்திருந்தார், கட்டைவிரல் மற்ற நான்கு விரலுக்கும் உள்ளே இருந்தது. எதிரே மேஜையில் ஊதா ஸ்டாம்ப் பேடு.

பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, பணம் எடுக்கும் சீட்டில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. உதறினார். உள்ளங்கையில் தேய்த்தார். வரவில்லை.

பின்னால் நின்ற ஒருவர், "இன்னா நைனா, ராக்கெட் வுடறியா? சீக்கிரம் வுடு, நாங்களும் போணும்" என்றார். வரிசை சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

மூடாமல் வைத்துக் காய்ந்துபோயிருக்குமோ என்று அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"காயறதா? தெனம் மத்தியானம் குந்திகினு எய்துறாருடா. காலண்டரு பின்னால பூரா அவரு பேருதான். சொல்லாதன்னாரு. ஸ்கூல் புள்ள மாரி நாக்க வேற துருத்திகினு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வங்கிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்குமுன் பேனாவைக் கையில் வாங்கிக் கழற்றி, உள்ளே வெளிச்சத்தில் பார்த்தார்.

"சொட்டு இல்ல. ரெண்டு மாசத்துல காவியமா எழுதினிய?"

"ஒரே பேரத்தான் அண்ணாச்சி."

"லவ்வா?"

"எங்கப்பா பேரு."

அண்ணாச்சி திரும்பி அலமாரியைத் திறந்தார். ரீஃபிலைப் போட்டு, பழைய பில் ஒன்றின் பின்னால் இரண்டு கோடு இழுத்துப் பார்த்து, "முந்நூத்தித் தொண்ணூறு" என்றார். அதற்குப் புது பில் எழுதி மடித்துக் கையில் திணித்தார். பத்து ரூபாயாவது குறைப்பார் என்று பார்த்தேன், குறைக்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு அப்பா கையெழுத்துப் போட்டார். கொக்கிப் பிடி இல்லை. வால் வளைந்து மேலே போனது. அந்த வங்கி அம்மா அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்டாம்ப் பேடை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். அப்பா கையை விரித்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சார், ஒண்ணு சொல்றேன். புதுக் கையெழுத்துக் கார்டு தரேன். பழைய மாதிரியே சாதாரணப் பேனாவில போட்டுக் குடுத்துடுங்க. எந்தப் பேனா இருந்தாலும் எடுக்கலாம். இல்லன்னா ஒவ்வொரு தடவையும் இந்தப் பேனாவத் தூக்கிக்கிட்டு வரணும்."

அதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அந்தப் பழைய கையெழுத்து நான் சிமெண்ட் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது. அப்பா அதைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். மேஜையில் இரண்டும் கிடந்தன. தள்ளுபடியான மூன்று சீட்டுகளில் பள்ளம் பள்ளமாக விழுந்த பெயர், நான்காவதில் மிதப்பது போன்ற இன்னொன்று. அப்பா இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தள்ளுபடியான மூன்றையும் எடுத்து நான்காகக் கிழித்தார்.

"இதுவே இருக்கட்டும்மா. நல்லாகீது."

எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை அவர் கிழித்துப் போட்டுவிட்டார். அந்த இடத்தில் வந்ததும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். ஆனால் அந்த வளைந்த வால் என்னுடையது இல்லை, பேனாக் கம்பெனியுடையதும் இல்லை. விலைக்குத் தகுமா என்று இரண்டு மாதம் கேட்டேனே, அப்போது நான் எதை எடை போட்டுக்கொண்டிருந்தேன்? ஆயிரம் ரூபாய் எடுக்க இப்படி ஒரு பேனாவைச் சுமந்துகொண்டு போகிற ஆள் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அது லாபமா நஷ்டமா என்று எந்த வீடியோவில் பார்ப்பது?

வெளியே வந்ததும் அப்பா பேனாவைத் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பெட்டி என் கையிலேயே இருந்தது. ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றார். நான் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது அண்ணாச்சியின் பில் கீழே விழுந்தது. அப்பா எடுத்துப் பார்த்தார். எழுத்துத்தான் தெரியாது, எண் நன்றாகத் தெரியும்.

"இது இன்னாத்துக்கு?"

"ரீஃபில், நைனா. உள்ள போடற மை."

பில்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். மீன் வண்டி ஒன்றுக்கு வழி விட்டோம்.

"பேனா முந்நூத்தம்பது. உள்ள கீற மை முந்நூத்தித் தொண்ணூறு" என்றார். "மூட்டைய வுட உள்ள கீற சரக்கு ஜாஸ்தி வெலதான், ஒத்துக்கறேன். ஆனா பேனாவோட அந்த மையையும் சேத்துத்தானடா அன்னிக்கு வாங்கின?"

பீரோவில் பெட்டியைப் பார்த்த அன்றே அக்கா என்னிடமிருந்து உண்மையான விலையை வாங்கிவிட்டிருந்தாள்.

"அக்கா சொல்லிச்சா?"

"அதுக்கும் தெரியுமா?" என்று நின்றுவிட்டார். "எனுக்கு மட்டுந்தான் தெரியாதா? சரி, சொல்லு. இன்னிக்கு வரைக்கும் இந்தக் கையெய்த்து மொத்தம் எவ்ளோ ஆச்சு? ஒண்ணு வுடாம சொல்லு."

ஒன்று விடாமல் கூட்டினேன். பேனா இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. ரீஃபில் முந்நூற்றுத் தொண்ணூறு. ஆட்டோ நூற்று அறுபது. அரை நாள் சம்பளம் நானூற்று இருபத்தைந்து. அவர் ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

"மூவாயிரத்து எண்ணூத்தி இருபத்தஞ்சு ரூபா, நைனா."